பை வைத்த சீட்

ஜூன் 4, புதன்

வெயில். நம்ம ஊர் வெயிலேதான், கூடுதலாகப் பிசுபிசுப்பு. இதுக்கா விமானம் ஏறி சிங்கப்பூர் வந்தோம்?

ஓட்டல் அறை சின்னது. மூணு கட்டில், ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அமுலு தன் போனைச் செருகிவிட்டுக் குளிக்கப் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. ரெஜினா ஜன்னலைத் திறக்கப் பார்க்கிறாள். ஏ.சி. ரூம், திறக்காத ஜன்னல் என்று சொல்லியாச்சு. கேட்கவில்லை. கம்பெனி பஸ் ஜன்னல் மாட்டிக்கொண்டால் அடியில் ஒரு தட்டு தட்டுவாளே, அதே தட்டு. மூணு தடவை. பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

பஸ்ஸில் ஒரே சீட்டில் மூணு பேரும் எத்தனையோ வருஷமாக ஒட்டிக்கொண்டு போகிறோம். ஒரே வயர் கம்பெனி, ஒரே லைன். ஆனால் ஒரே அறையில் தங்குவது இதுதான் முதல் தடவை. பஸ் என்றால் கும்மிடிப்பூண்டி வந்ததும் இறங்கிவிடலாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை வரை இறங்க முடியாது.

அமுலு பெட்டியில் இருந்தவை: புளிசாதம், பூண்டுத் தொக்கு, முறுக்கு, இட்லிப் பொடி, ரைஸ் குக்கர். ரைஸ் குக்கர்! ஏர்போர்ட்டில் திறந்து காட்டச் சொன்னார்கள். எனக்கு மானம் போச்சு. "எங்க நைனா சொன்னாரு, வெளிநாட்ல சோறு கெடைக்காதுன்னு." பள்ளிப்பட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் அப்பா சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லிவிட்டார், முடிந்தது.

சரி. எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

திங்கட்கிழமையிலிருந்து நான் ஸ்டாஃப். மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனி மூடும் இந்த ஷட்டவுனுக்கு முன்னாடியே எச்.ஆர். மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உதவி சூப்பர்வைசர். நீலக் கோட்டு போய் சாம்பல் கோட்டு. "இனிமே ஸ்டாஃப் பஸ்லதான் வரணும் மோகனா. லைன் பொண்ணுங்களோட ஒட்டிக்கிட்டு வந்தா நாளைக்கு அவங்ககிட்ட வேலை வாங்க முடியாது." தலையாட்டிவிட்டு நேராக பாத்ரூம் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். பொய் எதுக்கு, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அதே வேலைக்கு ரெஜினாவும் இன்டர்வியூ போயிருந்தாள். யாருக்கு என்று திங்கட்கிழமைதான் போர்டில் போடுவார்கள். அதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். போர்டைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்துச் சொல்லலாம் என்று திட்டம்.

இன்று முடியவில்லை. அமுலு குளித்துவிட்டு வந்து அறைக்குள்ளேயே துணி உலர்த்தக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறாள்.


ஜூன் 5, வியாழன்

மேகமூட்டம். ஊர் சுற்றல். பாலம், பூங்கா, கட்டடம், இன்னொரு கட்டடம். எல்லாவற்றின் முன்பும் அமுலு இரண்டு விரல் காட்டிப் போட்டோ. அதை உடனே மாமியாருக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டு நெட் என் போனில் மட்டும். ஆகவே என் ஹாட்ஸ்பாட். ஆகவே என் சார்ஜ். மத்தியானம் போன் செத்தது.

இன்றைய அவமானம்: மெட்ரோ ரயில். கதவு திறந்ததும் ரெஜினா உள்ளே பாய்ந்தாள். ஒரு சீட்டில் அவள், இந்தப் பக்கம் டிபன் பை, அந்தப் பக்கம் கர்சீஃப். சீனப் பெரியவர் ஒருவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்படியே நின்றுகொண்டார். பெட்டி முழுக்க எங்களையே பார்க்கிறது.

"எட்றி அத. கம்பெனி பஸ் இல்லடி இது."

"பஸ்ஸு இன்னா, ரயிலு இன்னா. நீ எங்க குந்துவ?"

பஸ்ஸில் அவளுக்குப் பழக்கம். திருவள்ளூரில் முதல் ஆளாக ஏறுவாள். செவ்வாப்பேட்டையில் ஏறும் அமுலுவுக்கு நடுவில் கர்சீஃப். வேப்பம்பட்டில் ஏறும் எனக்கு ஜன்னலோரம் டிபன் பை. அந்தப் பைமேல் யாராவது கை வைத்தால் தீர்ந்தார்கள். "ஆளு கீது." அவ்வளவுதான் சொல்வாள். டிரைவரே பயப்படுவார். கைக்குழந்தையோடு மழையில் நனைந்து ஓடி ஏறின நாளிலும் எனக்கு அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது. அது அங்கே. இங்கே பெரியவர் நின்றுகொண்டு வருகிறார், நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவது? பையை அவள் மடியில் தூக்கி வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். ரெ.வுக்கு என்மேல் கோபம்.

சாயங்காலம் கடற்கரை ஓரம். அமுலு ஐஸ்கிரீம் வரிசையில். நானும் ரெ.வும் மட்டும். சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னாடி, ஏதோ சொல்ல வந்த மாரி கீது?"

"கால் வலிடி."

கால் வலியாம்! வேறு எதுவும் தோன்றவில்லை எனக்கு.

"செருப்ப மாத்து" என்றாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.


ஜூன் 6, வெள்ளி

தீம் பார்க். கால் வீங்கி இருக்கிறது. கோபத்தோடு எழுதுகிறேன்.

இந்தப் பயணமே இதுக்காகத்தான். பஸ்ஸில் போனை நடுவில் வைத்து மூணு பேரும் ரோலர் கோஸ்டர் வீடியோ பார்ப்போம். தலைகீழாக ஆட்கள் கத்துவதைப் பார்த்துச் சிரிப்போம். ஒருநாள் நாமும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கத்தணும் என்று ரெ. சொன்னாள். அதுதான் ஆரம்பம். அப்புறம் பாஸ்போர்ட், விசா, வீட்டில் சண்டை எல்லாம்.

இங்கே பள்ளிக்கூட லீவு போல. திருத்தணி ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தோற்றது. தள்ளுவண்டியில் குழந்தை, குழந்தை கையில் பலூன், பலூன் என் மூஞ்சியில். வாசலிலேயே ஒரு வரிசை, பைச் சோதனைக்கு ஒரு வரிசை, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வரிசை. புளிசாதத்தை உள்ளே விடவில்லை. வாசலில் நின்றபடியே அமுலு பாதியைச் சாப்பிட்டாள், மீதியை என் வாயில் திணித்தாள்.

உள்ளே போனதும் ரெ. பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

"மூணு பேரும் ஒண்ணா நின்னா இன்னிக்கி ஒண்ணும் ஆவாது. நான் படகுல நிக்கிறேன். அமுலு, நீ பேய் ஊட்டுக்கு போ. மோகனா, நீ அந்தச் சுத்துற கப்புக்கு. எது முன்னாடி வருதோ அங்க மத்த ரெண்டு பேரும் போய் சேந்துக்கலாம். எடம் புட்ச்சி வச்சிட்டா முட்ஞ்சிது."

அந்த நேரத்தில் எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இத்தனை வருஷம் பஸ் ஏறின புத்தி வேறு எப்படி யோசிக்கும்? ஹாட்ஸ்பாட் என் போனில் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் நகர்ந்த உடனே அவர்கள் போன் இரண்டும் வெறும் கண்ணாடி.

வெயிலில் நின்றேன். நகர்ந்தேன். நின்றேன். கப்புக்குப் பக்கத்தில் போனதும் யாரையும் காணோம். தனியாக ஏற மனசில்லை. அவர்களைக் கூட்டிவர ஓடினேன். படகு வரிசையின் முனையில் ரெ. எங்களைக் காணோம் என்று அவளும் ஏறாமல் வெளியே வந்துவிட்டாள். பேய் வீட்டு வாசலில் அமுலு, தனியாகப் போகப் பயந்து அழுகிற நிலையில். காலை முழுக்க மூணு பேர், மூணு வரிசை. ஒன்றில்கூட ஏறவில்லை. இதை நாங்கள்தான் செய்வோம்.

சாப்பாடு: கோழி சோறு. காரமில்லை. அமுலு பையிலிருந்து தொக்கு. அதை மட்டும் எப்படி உள்ளே கொண்டுவந்தாள் என்று கேட்கவில்லை.

மத்தியானம் ரோலர் கோஸ்டர். இதில் மட்டும் ஒன்றாக நிற்போம் என்று சத்தியம். பாதி வரிசையில் அமுலுவுக்குத் தலைசுற்றல். "பேஜாரா கீதுடி, நான் வர்ல." அவளைக் கூட்டிப்போய் நிழலில் உட்காரவைத்து, முகம் கழுவி, தண்ணீர் கொடுத்துத் திரும்பினேன். ரெ. தூரத்தில் மேல்படியில். கையாட்டினாள். போக விடவில்லை. வாசலில் நின்ற பையன் தமிழ்ப் பையன். இந்த ஊர்த் தமிழ், மரியாதையாகப் பேசுகிறான்.

"அக்கா, நடுவில் போய்ச் சேர முடியாது. இடம் பிடித்து வைக்கிறது இங்கே கூடாது. நீங்கள் ஒருவர்தானே? தனியாகப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் வேறு வரிசை. சீக்கிரம் போகலாம்."

மேலே போய் ரெ.வைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் அந்தப் பக்கம் போனேன். சத்தியமாக. காலி வரிசை. ஏறினால் நேராக மேடை. ஒரு பெண் விரலைக் காட்டி "ஒன்?" என்றாள். ரெ. கண்ணில் படவில்லை. நானும் ஒரு விரலைக் காட்டிவிட்டேன். உட்காரவைத்துக் கம்பியை இறக்கினார்கள்.

என்ன சொல்ல. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கத்தினேன். லைனில் கத்த முடியாததை எல்லாம், வீட்டில் கத்த முடியாததை எல்லாம் கத்தினேன். இரண்டாவது சுற்றில் சிரிப்பு வந்துவிட்டது. கையைத் தூக்கினேன். அத்தனை நேரமும் ரெ. ஞாபகம் ஒரு துளி இல்லை. வண்டி நின்ற பிறகுதான் வந்தது.

வெளியே போகும் வழி ஒரு கடைக்குள். அங்கே ரெ. எனக்கு முன்னாடியே நிற்கிறாள்.

"இன்னாடி ஆச்சி?" என்றாள்.

"வரிசை பெருசுடி. உள்ளயே விடல. திரும்பிட்டேன்."

அவள் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே பார்த்தாள். திரும்பினேன். வண்டி திரும்பும் இடத்தில் நமக்குத் தெரியாமல் போட்டோ எடுத்து டிவியில் போடுகிறார்கள். இரண்டு கையும் மேலே, வாய் அண்ணாக்கு தெரிகிற அளவுக்கு, நான். பக்கத்தில் கண்ணை மூடின ஒரு சீனப் பையன்.

"நல்லாதான் சிரிச்சிகினு கீற" என்றாள்.

அப்புறம் கவுன்ட்டருக்குப் போய் விரலால் என் மூஞ்சியைக் காட்டி அந்தப் போட்டோவைக் கீ செயினாக வாங்கிக்கொண்டாள். நான் ஏதேதோ சொன்னேன். பையன் சொன்னான், அந்தப் பெண் விரல் காட்டினாள், உன்னைத் தேடினேன் என்று.

"ஏறுனது ஏறுன. அதுல எனுக்கு இன்னா? ஏறிட்டேன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா கேடு?"

ரெ.விடம் கேட்டுக்கொண்டு அமுலு பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். மேடைக்கு ஏறும் கதவுக்கிட்டே ரெ. நின்றுகொண்டு பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே அனுப்பினாளாம். "மை ஃப்ரெண்ட் கமிங், மை ஃப்ரெண்ட் கமிங்." அங்கே வேலை செய்கிறவர்களும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கக் கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிட்டார்களாம். பக்கத்துச் சீட்டில் எனக்காகப் பை வைக்கட்டுமா என்று கேட்டதற்கும் விடவில்லையாம்.

வா, இப்போது இரண்டு பேரும் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வந்தாள். வரிசைக்குள் கால் வைத்தோம், மின்னல் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மழை கொட்டோ கொட்டு. திரும்பும்வரை விடவில்லை.

ரெ. கடைசிவரை ஏறவே இல்லை. இத்தனை தூரம் வந்து.


ஜூன் 7, சனி

வெயில். தேக்கா, இந்த ஊர்த் தமிழ்க் கடைத்தெரு. சாக்லேட், கோடாலித் தைலம், மறுபடி சாக்லேட். அமுலு பெட்டி மூடவில்லை, ரைஸ் குக்கருக்குள் சாக்லேட் அடைத்தோம்.

ரெ. பேசாமல் இல்லை. அதுதான் பேஜார். எல்லாம் பேசுகிறாள். இது நல்லா கீதா, அது வாங்கட்டா, உன் பொண்ணுக்கு இந்தக் கலர் எடு. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சமமாகியிருக்கும்.

எனக்கும் கோபம்தான். யார் இவளைக் காத்துக்கொண்டு நிற்கச் சொன்னது? யார் இடம் பிடித்து வைக்கச் சொன்னது? வருஷக்கணக்காக ஒருத்தி சீட் பிடித்து வைத்தால், அதுக்காக நான் கடைசிவரை அங்கேயே உட்கார வேண்டுமா? நான் திருடவில்லை. வேலை செய்தேன், கொடுத்தார்கள்.

எழுதிவிட்டு இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

சாக்லேட் பிரிக்கும்போது தலை நிமிராமல் கேட்டாள்: "அந்த ஸ்டாஃப் போஸ்ட்டு யாருக்குன்னு திங்கக்கெழம போட்ருவாங்கல்ல?"

"தெரிலடி."

"ம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.


ஜூன் 8, ஞாயிறு

திரும்புகிற விமானம். ரெ.வுக்கு ஜன்னல் சீட் விழுந்தது. எழுந்து நின்று, "குந்து. ஜன்னலு உன்து" என்றாள். இவள் இதுவரை இரண்டு விமானம்தான் ஏறியிருக்கிறாள், இரண்டிலும் மேகத்தைப் பார்க்கவில்லை. மறுத்தேன். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், விமானப் பெண் முறைக்கிறாள். உட்கார்ந்தேன்.

நடுவில் அமுலு, என் தோளில் தூங்கி எச்சில். அவளைத் தாண்டிச் சொல்லலாமா? எழுப்பிவிடுவேனோ? இப்படி ஒரு சாக்கு. தரையிறங்கியாச்சு.

வீட்டில் பெண் கேட்டாள்: "ரெஜினா பெரியம்மாகிட்ட சொன்னியாம்மா?" பெட்டியைத் திறந்து சாக்லேட்டைக் கொடுத்து வாயை அடைத்தேன். வாட்ஸ்அப்பில் தட்டினேன், அழித்தேன். தட்டினேன், அழித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. அவள் ஆன்லைனில்தான் இருந்தாள். நான் தட்டுவது அங்கே தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.


ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். சாம்பல் கோட்டு தோளில் பிடிக்கிறது. வேப்பம்பட்டில் ஸ்டாஃப் பஸ் முதலில் வந்தது. ஏறிவிட்டேன்.

ஏ.சி. குளிர். எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று. யாரும் யாருக்கும் இடம் பிடிக்கவில்லை. தேவையும் இல்லை, ஆளுக்கு ஒரு முழு சீட். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

செங்குன்றம் தாண்டி டோல் கேட்டில் நெரிசல். பக்கத்து வரிசையில் எங்கள் பழைய பஸ் வந்து நின்றது. கையை நீட்டினால் தொடலாம், இந்தக் கண்ணாடி மட்டும் இல்லையென்றால். எங்கள் சீட் நேர் எதிரே. ஓரத்தில் ரெ. நடுவில் அமுலு, வாய் திறந்து தூக்கம். ஜன்னலோரம் டிபன் பை.

நான் ஏற வேண்டிய இடம் எப்பவோ தாண்டியாச்சு. பை அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுப் பெண், நீலக் கோட்டு மடிப்புக்கூடக் கலையவில்லை, ஆடி ஆடி நிற்கிறாள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. போன் போட்டேன்.

"பையை எட்றி. அந்தப் பொண்ணு நின்னுகினு வருது பாரு."

"ஆளு கீது."

"நான் பக்கத்து பஸ்ல கீறேன்டி."

"தெரியும்." திரும்பவில்லை அவள். நேராகப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஷட்டவுனுக்கு முன்னாடியே எச்.ஆர்.ல கூப்ட்டு சொல்லிட்டாங்க. உனுக்கு இல்ல, மோகனாவுக்குன்னு."

"அப்ப சிங்கப்பூர் போறப்பவே தெரியுமாடி உனுக்கு?"

"ம்."

"ஏன்டி ஒரு வார்த்த கேக்கல?"

"நீ சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."

பின்னால் லாரிகள் ஹாரன். என் பக்கத்து சீட்காரர் காதிலிருந்து ஒன்றைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

"சொல்லு" என்றாள்.

"நான் ஸ்டாஃப் ஆயிட்டேன்டி. இனிமே அந்த பஸ்ல வரமாட்டேன்."

அழுகை வந்துவிட்டது, சொல்லி முடிக்கிறதுக்குள். அவள் போனைக் காதில் வைத்தபடியே அமுலுவைத் தாண்டிக் கையை நீட்டிப் பையை எடுத்தாள். ஜிப்பில் அந்தக் கீ செயின் ஆடியது. என் மூஞ்சி, வாயைத் திறந்துகொண்டு.

"சரி, வையி. டோல் தாண்டுது" என்றாள்.

அந்தப் பெண் முட்டி இடித்து உள்ளே நுழைந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். வரவில்லை. அது அப்படி வராது, அடியில் தட்டணும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கையால் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை, யாரோ மேடம் என்று பயந்து வணக்கம் வைத்தாள்.

ரெ. எட்டி ஒரு தட்டு தட்டினாள். திறந்துகொண்டது.